படத்துக்கு அடியில் மஞ்சள் பட்டை

என் மாமனார் ஒன்று சொன்னார், சார். ஆபீஸ் திறந்த அன்றைக்குக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளை, காதுல சொன்னா எவனும் நம்பமாட்டான். கண்ணுல காட்டிப்போடுங்க. ஆனா..." ஆனாவுக்கு அப்புறமும் ஏதோ சொன்னார். அதற்குள் போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார், நான் திரும்பிவிட்டேன். போட்டோ நன்றாக வந்திருக்கிறது. மாமனார் மட்டும் வாயைத் திறந்தபடி நிற்பார். மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பரவாயில்லை, முக்கியமான பாதி ஞாபகம் இருக்கிறது.

இல்லை சார், மேலே வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இப்படித் திருப்பிக்கொள்கிறேன். சன்னலோரம் நீங்களே உட்காருங்கள், வெயில் இந்தப் பெட்டிக்கு ஆகாது. காந்திபுரத்தில் ஏறும்போதே கண்டக்டர் டிக்கியில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "மடியில புள்ளையாட்டப் புடிச்சிருக்கீங்க, அரை டிக்கெட் போட்டறட்டுங்களா?" என்று கேட்டுப் பஸ்ஸையே சிரிக்க வைத்தார். நீங்கள்கூடச் சிரித்தீர்கள், பார்த்தேன். தப்பில்லை.

கம்ப்யூட்டர்தான். லேப்டாப் இல்லையா என்று கேட்கப்போகிறீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இருக்கிறது. அதில் போட்டால் படம் வர வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் வருகிறது. மச்சானுடைய கம்ப்யூட்டரிலும் கறுப்பு. வாங்கினவர்கள் சிலரிடம் படம் வருகிறது, ஆனால் விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் டியூப் லைட் மாதிரி வெட்டி வெட்டி எரிகிறது. எல்லாம் சரியாக ஓடுவது இந்த ஒரு பெட்டியில்தான். அதனால் பெட்டியோடு போகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், மயில்சாமி. கம்பெனியில் பாதி அவருடையது. "எங்க மாப்பிள்ளை சாஃப்ட்வேர் எழுதறாரு, அது அவுரு மடியில மட்டும் ஓடும்" என்று கல்யாண வீட்டில் சொல்கிறார். சொந்தக்காரர்கள் முன்னால்.

உங்களுக்குப் பவுண்டரி தெரியுமா? கோயம்புத்தூர்க்காரர் என்றால் தெரிந்திருக்கும். மணலில் அச்சு எடுத்து, இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஆறினதும் உடைத்து எடுத்தால் பம்பு பாடி. உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் ஓட்டை விழும், ஊற்றினதெல்லாம் வீண். நாங்கள் செய்வது என்னவென்றால், ஊற்றுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஊற்றிக் காட்டுகிறோம். இரும்பு எந்த வழியாக ஏறுகிறது, எங்கே சுற்றிக்கொண்டு நிற்கிறது, எங்கே முதலில் குளிர்கிறது. ஆரஞ்சு, சிவப்பு, அப்புறம் ஒரு கருஞ்சிவப்பு. பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள். மவுஸால் இழுத்தால் அச்சு மொத்தமும் திரும்பும், உள்ளே இரும்பு ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு இடத்தில்கூடத் திக்காது. பெட்டியில் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு நேராக வரைகிறது, அதனால்தான்.

நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன் சார். இளமை முழுக்க அங்கேதான். பெரிய கம்பெனி, பெரிய சாஃப்ட்வேர். அதில் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு மெனு விழும் பாருங்கள், அந்த மெனு என்னுடையது. அவ்வளவுதான். மெனுவில் இருக்கிற பெயர்களை வேறு ஒருவர் முடிவு செய்வார். அது விழுகிற விண்டோ இன்னொருவருடையது. என் பையன் சின்ன வயசில் கேட்டான், நீ என்ன செய்கிறாய் அப்பா என்று. காட்டினேன். மெனு விழுந்தது. "அப்புறம்?" என்றான். அப்புறம் ஒன்றும் இல்லை. அவன் அங்கேயே தங்கிவிட்டான். நான் திரும்பி வந்தேன், முழுசாக ஒரு விண்டோ என்னுடையது என்று இருக்க வேண்டும் என்று. இது போனால் என்னிடம் வேறு எதுவும் இல்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

இப்போது தொல்லை எங்கே என்று சொல்கிறேன். எங்கள் விண்டோவை வரைவது ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி. பொத்தான், எழுத்து, கட்டம் எல்லாம் அது வரைகிறது. இரும்பு ஓடுகிற படத்தை மட்டும் கார்டு வரைகிறது. ஜாவா அந்த இடத்தில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளும், கார்டு அங்கே நேராக வந்து உட்காரும். கடைக்கு நீங்கள் போர்டு எழுதுகிறீர்கள், அதன்மேல் எவனோ கல்யாண ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டுப் போகிறான். போர்டில் நீங்கள் என்ன அழகாக எழுதினாலும் ஃப்ளெக்ஸுக்கு அடியில்தான் இருக்கும், இல்லையா? அதேதான். அந்த இடத்தில் ஜாவா எதை வரைந்தாலும் படத்துக்கு அடியில் போய்விடும். மெனு விழுந்தால் பாதி தெரியும், பாதி தெரியாது.

மெனு போனால் போகட்டும் என்று விடலாம். மஞ்சள் பட்டை என்று ஒன்று வைத்திருக்கிறோம். அச்சில் காற்று வெளியேற வழி போதாது என்று கணக்கில் வந்தால், படத்தின்மேல் குறுக்காக ஒரு மஞ்சள் பட்டை வரும். "காற்று அடைபடுகிறது. ஊற்ற வேண்டாம்." கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கும்வரை படம் நகராமல் நிற்கும். பட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னால் இரும்பு மங்கலாகத் தெரியும். வரைந்தவன் நான்.

அதுதான் அடியில் போகிறது.

எங்களிடம் ரெஜினா என்று ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடிக்காரி. ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவள், விண்டோவில் முக்கால்வாசி அவள் எழுதினது. நல்ல வேலைக்காரி, ஆனால் நச்சு. "சார், பட்டை அடியில போவுது. பாக்கியளா இல்லியா?" என்பாள். பார்க்கிறேன் ரெஜினா. "பாக்கேன் பாக்கேன்னு எத்தன நாளு சார்? படம் நிக்கும். எதுக்கு நிக்குன்னு அவாளுக்குத் தெரியாது. தொங்கிப்போச்சுன்னு நெனைப்பாவ." ஓட்டுகிறவர்கள் படித்தவர்கள் ரெஜினா, தெரிந்துகொள்வார்கள் என்றேன். "அடியில கெடக்கதப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்துல சார் சொல்லிக் குடுக்காவ?" பாருங்கள், இப்படித்தான் பேசுவாள். முதலாளி என்கிற எண்ணமே கிடையாது.

என்ன சொல்கிறீர்கள், பட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் என்னவா?

வைக்கலாம். படம் சின்னதாகிவிடும் சார்.

மச்சானும் இதையேதான் கேட்டார். எல்லோருக்கும் சுலபமாகத் தோன்றுகிறது. நான் என்னென்ன செய்து பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. படத்துக்குள்ளேயே அந்த வாசகத்தைக் கார்டை வைத்தே வரையச் செய்தேன். தமிழ் எழுத்து உடைந்து வந்தது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி தனியாக மிதந்துகொண்டு. இங்கிலீஷில் போட்டேன், அழகாக வந்தது. "இது யாருக்கு சார், ஜெர்மன்காரனுக்கா?" என்றாள் ரெஜினா. பட்டையைத் தனி விண்டோவாகத் திறந்தேன். அது திறக்கிற நேரம் படம் ஒரு கண் இமைப்புக்குக் கறுப்பாகிவிட்டுத் திரும்ப வந்தது. அந்த ஒரு இமைப்பு, சார்! சினிமாவில் நல்ல கட்டத்தில் கரண்டு போன மாதிரி. எடுத்துவிட்டேன்.

ரெஜினா ஒரு வழி சொன்னாள். கார்டு வரைவதைத் திரையில் நேராக விடாமல் உள்ளேயே வாங்கி, ஜாவாவின் கையில் கொடுத்து, ஜாவாவையே வரைய வைப்பது. அப்போது எல்லாம் ஒரே கை. பட்டை மேலே வரும், மெனு மேலே வரும், கறுப்புச் சதுரம்கூட வராது, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். செய்தும் காட்டினாள். ஆனால் ஒவ்வொரு படமும் கார்டிலிருந்து இறங்கி வந்து போக வேண்டும். இரும்பு திக்கித் திக்கி ஓடியது. ஓடவில்லை, நடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இரும்பு எப்பிடி ஓடுதுன்னு பாக்கவா சார் வாங்குதாவ? எங்க நிக்கும்னு பாக்கத்தான வாங்குதாவ?" என்றாள். ரசனை இல்லாதவர்களிடம் ரசனையைப் பற்றிப் பேச முடியாது.

பவானி தாண்டிவிட்டோமா? ஆற்றில் தண்ணீர் இருந்ததா, நான் பார்க்கவே இல்லை.

சரி, கேளுங்கள். கோயம்புத்தூரிலேயே ஒரு பவுண்டரி, பேர் வேண்டாம். எங்களிடம் வாங்கினவர்கள். படம் ஓரளவு நன்றாகவே ஓடும் அங்கே. நந்தகுமார் என்று ஒரு பையன், இன்ஜினியர், அவன்தான் ஓட்டுவான். ஒரு நாள் புது அச்சு. ஓட்டியிருக்கிறான், முக்காலுக்குமேல் இரும்பு ஏறினதும் படம் நின்றுவிட்டது. அடியில் பட்டை வந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது, 'சரி'யை அமுக்குவார்களா என்று. அவனுக்கு அது எப்படித் தெரியும்? "அப்பப்ப நிக்கறதுதானுங்களே சார், அப்பிடித்தான் நெனச்சனுங்க" என்றான். ஆஃப் செய்துவிட்டு ஊற்றச் சொல்லிவிட்டான்.

ஊற்றும்போது உள்ளே மாட்டின காற்று எகிறியிருக்கிறது. இரும்பு திரும்பித் தெறித்துவிட்டது. ஆறுச்சாமி என்று ஒருவர், இரும்பு ஊற்றுகிற கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். முகத்தில் இடது பக்கம். கண்.

நான் போனேன் சார். போகாமல் இருக்க முடியுமா? சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், கட்டுப் போட்டுப் பாதி முகம் தெரியவில்லை. அவர் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் அம்மா என்றேன். உட்காரவில்லை.

"ஏனுங்க சார், அந்தப் படத்துல முன்னாலயே தெரியுமாமாங்களே?"

தெரியும் என்றேன்.

"அதுல எங்கூட்டுக்காரரு நிக்கறதும் தெரியுமுங்களா?"

இல்லைங்க அம்மா, அதில் ஆளெல்லாம் வராது, அச்சும் இரும்பும் மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கினேன். "அப்பிடீங்களா" என்றார். பாவம், விவரம் தெரியாதவர்கள். ஆனால் அந்த அம்மா கேட்டது அதற்கப்புறம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. பல் தேய்க்கும்போது வருகிறது. ஆளை வரைவது பெரிய காரியம் இல்லை, கார்டு தாங்கும், அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தப்பு யார் மேல், சொல்லுங்கள். பட்டை வந்திருக்கிறது. நாங்கள் எச்சரித்திருக்கிறோம். படத்துக்கு அடியில் வந்தால் அது வராததாகிவிடுமா? நந்தகுமார் என்டரைத் தட்டியிருந்தால்கூடப் படம் நகர்ந்திருக்கும், ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்திருக்கும். ஜாவாவைச் செய்தவர்கள் மேல் தப்பு இருக்கிறது. கார்டு செய்தவர்கள் மேல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் ஒரே விண்டோவில் குடித்தனம் நடத்தினால் நடுவில் இருக்கிறவன் நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு ஆபீஸுக்குத் திரும்பினால் ரெஜினா பையை எடுத்து வைத்துவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான். "அந்த மெதுவா ஓடுதத முழுசா முடிச்சு ஒங்க பெட்டியிலயே போட்டிருக்கேன் சார். திரையில ரெண்டாவதா இருக்கு. அதக் காமிங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். நீ இப்போது போனால் நான் என்ன செய்வேன் ரெஜினா, ஓசூர் பவுண்டரிக்கு வேறு போய்க் காட்ட வேண்டும் என்றேன். "ஆறுச்சாமி அண்ணன் பேரு ஒங்களுக்கு எப்பத் தெரியும் சார்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில்தான் தெரியும், இதென்ன கேள்வி? "எனக்கு முன்னாலயே தெரியும். ஒவ்வொரு தடவ போவும்போதும் அவியதான் டீ வாங்கியாந்து குடுப்பாவ." போய்விட்டாள். இக்கட்டான நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது? எத்தனை சொல்லிக் கொடுத்தேன் அவளுக்கு.

சேலம் வந்தால் ஒரு காபி குடிக்கலாம். நீங்கள் இறங்கிக் குடியுங்கள், நான் இறங்க முடியாது. வேண்டாம், எனக்கு வாங்கி வர வேண்டாம், பெட்டிமேல் சிந்திவிடும்.

அப்புறம் மச்சான். போன வாரம் வீட்டுக்கே வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கலாமணி கொண்டு வந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டார். கலாமணி என் மனைவி. "மாப்பிள்ளை, என்ற தங்கச்சி மூஞ்சிக்காக இத்தன நாள் பொறுத்துப்போட்டேன். ஓசூர் ஆகலீன்னா சாவியக் கொண்டாந்து குடுத்துருங்க. நான் ஆபீஸப் பூட்டிக்கறேன்." ஆகும் மச்சான் என்றேன். "எதக் காட்டப்போறீங்க?" படத்தை. "அந்தப் புள்ள செஞ்சு வெச்சதையா, உங்களுதையா?" என்னுடையதை. அவர் தங்கையைப் பார்த்தார். கலாமணி சமையலறைக்குப் போய்விட்டாள். "உங்குளுக்கு ஒரு மனுசன் கண்ணு போனது பெருசாத் தெரியலீங்களா மாப்பிள்ளை?" என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! தெரியாமலா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன்? அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஓசூரில் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? பெரிய பவுண்டரி சார். லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கிறார்கள். நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். அங்கே என் விண்டோ ஏறிவிட்டால் அப்புறம் ராணிப்பேட்டை, அப்புறம் பெல்காம், கோலாப்பூர், எங்கேயும் போகலாம். ஏறவில்லை என்றால் சாவி. வேறு கதியில்லை. நாற்பத்தெட்டு வயசில் எவன் எனக்கு வேலை கொடுப்பான்? மறுபடி மெனு வரையவா?

அவர்களுடைய மேனேஜர் முந்தாநாள் போன் பண்ணினார். தன்மையான மனிதர். "சார், எங்க பெரியவர் கூட உக்காந்து பார்ப்பார். அவருக்கு விவரமெல்லாம் வேணாம், படம் ஓடணும். நடுவுல நின்னுச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவார். நானும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நிற்காது என்றேன். "நம்ம புது டிரம்மோட அச்சையே அனுப்பறேன், அதையே ஓட்டிக் காட்டிடுங்க. அடுத்த வாரம் ஊத்தப்போறோம், பெரியவருக்கும் சந்தோஷமா இருக்கும்." அனுப்பினார்.

இந்தப் பெட்டியில் போட்டு ஓட்டினேன் சார். என்ன அழகு தெரியுமா? வட்டமான அச்சு, இரும்பு இரண்டு பக்கமும் பிரிந்து, வளைந்து வளைந்து ஏறி, மேலே போய் ஒன்றை ஒன்று தொடப்போகிறது. தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

நின்றால் அடியில் பட்டை வந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்ப ஓட்டினேன், அதே இடம். மேலே காற்று போகிற வழியைக் கொஞ்சம் மாற்றி ஓட்டினேன், அதே இடம். ரெஜினா செய்து வைத்திருந்ததைத் திறந்தேன், ஆமாம், திறந்தேன். இரும்பு திக்கித் திக்கி ஏறியது, பார்க்கச் சகிக்கவில்லை. அது மேலே போய்ச் சேருவதற்குள் மூடிவிட்டேன். என்ன எழுதி வரும் என்று தெரிந்ததுதானே.

மேனேஜருக்குப் போன் செய்து சொல்லலாமா என்று கையில் எடுத்தேன். என்ன சொல்வது? உங்கள் அச்சில் காற்று அடைபடுகிறது, அதனால் பெரியவர் முன்னால் படம் நிற்கும் என்றா? அப்புறம் அவர்கள் அச்சை மாற்றுவார்கள், மாற்ற ஒரு மாசம் ஆகும், அதுவரை மச்சான் சாவியை விட்டு வைப்பாரா? வேறு யாராவது அதற்குள் உள்ளே நுழைந்துவிடுவார்கள். போனை வைத்துவிட்டேன். கலாமணி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

தொப்பூர் இறக்கமா இது? கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா, அந்த ஓரத்தை மட்டும். ஆமாம், அப்படித்தான். நன்றி சார்.

நேற்று மத்தியானம் உட்கார்ந்து, புரோகிராமில் படத்தை நிறுத்தி மஞ்சள் பட்டையைக் காட்டுகிற வரிகளை எல்லாம் அழித்துவிட்டேன்.